ரேடியோ சார் வாய் திறக்காத பாடவேளை

ரேடியோ சார் ஒரு பாடவேளை முழுக்க வாயைத் திறக்காமல் பாடம் நடத்தினார்.

சிரிக்காதீர்கள், முழுசாகக் கேளுங்கள். அன்று அந்த வகுப்பில் விழுந்த அமைதி எப்படிப்பட்டதென்றால், மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி, நாம் ஏதாவது தப்பாகச் சுற்றுகிறோமோ என்று சந்தேகப்பட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டது. சுவரிலிருந்த பல்லிக்குக் கொட்டாவி வந்தது, சத்தம் கேட்டுவிடுமே என்று விழுங்கிக்கொண்டது. கரும்பலகையிலிருந்து சாக்பீஸ் தூள் தரையில் விழுந்த ஓசைக்கு மூன்று பிள்ளைகள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"பல்லி கொட்டாவியை முழுங்கினதைக்கூட நம்பிடுவேன். ரேடியோ சார் வாயை மூடினார்ங்கிறதைத்தான் நம்ப முடியல" என்பார்கள் கேட்டவர்கள். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சத்தியம் செய்ததால் போகப் போக ஊரே நம்பிவிட்டது. கடைசிவரை நம்பாமல் நின்றவர் ஒரே ஒருவர்தான், கணக்கு டீச்சர். அவர் பேச்சைத் தள்ளிவிடவும் முடியாது. சம்பவம் நடந்தபோது பக்கத்து வகுப்பில் இருந்தவர் அவர்தான்.

"நான் அடுத்த ரூம்லதானே இருந்தேன். அன்னைக்கும் சார் வழக்கம்போல கத்திக்கிட்டுத்தான் இருந்தார்" என்று அடித்துச் சொல்வார்.

விஷயம் ஆரம்பித்தது தலைமையாசிரியையின் அறையில்.

"உட்காருங்க சார்" என்றார் தலைமையாசிரியை.

அவர் யாரையாவது உட்காரச் சொன்னால் அது கெட்ட செய்தி என்று பள்ளிக்கூடத்து நாற்காலிகளுக்கே தெரியும். ரேடியோ சார் நின்றுகொண்டே பேச ஆரம்பித்தார். "பரவாயில்லைங்க மேடம், நான் நின்னுக்கறேன், நிக்கிறது முதுகுக்கு நல்லது, உட்கார்ந்தா முட்டி பிடிச்சுக்குது, எங்க மாமனாருக்கும் இப்படித்தான், அவர் என்ன பண்ணார்னா..."

"சார். உட்காருங்க."

உட்கார்ந்தார்.

"ஆய்வாளர் அம்மா வர்றாங்க. உங்க வகுப்பைப் பார்க்க. அடுத்த வாரம்."

ரேடியோ சார் அறிவியல் வாத்தியார். தலையில் பாதி நரைத்தும் வேலை இன்னும் தற்காலிகம்தான். வருஷா வருஷம் கோடை விடுமுறையில், திரும்பக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தபால்காரரின் சைக்கிளைப் பார்த்துப் பார்த்தே அந்தப் பாதி நரை வந்தது. மீதிப் பாதி அந்த நாற்காலியிலேயே வந்துவிடும் போலிருந்தது. காரணம், ஆய்வாளர் அம்மாவின் கீர்த்தி. அவர் திட்ட மாட்டார், கேள்வி கேட்க மாட்டார். கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார், எழுந்து போவார், பின்னாலேயே ஒரு உத்தரவு வரும். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததைப் பார்த்த மாத்திரத்தில் வரலாற்று வாத்தியார் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாராம். இன்னொரு இடத்தில் அவர் லேசாக இருமியதில் ஓவிய வாத்தியாருக்கு மீசையில் ஒரு பக்கம் மட்டும் வெளுத்துவிட்டதாம்.

"அவங்க பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் தலைமையாசிரியை. "பிள்ளைங்க பேசணும். ஒரு பிள்ளை விடாம. எந்தப் பிள்ளையாவது வாயே திறக்காம உட்கார்ந்திருந்தா அந்த வாத்தியார் தேறலைன்னு அர்த்தம். அவங்க கையெழுத்துப் போட்டா உங்களுக்கு நிரந்தரம். போடலைன்னா..."

மிச்சத்தைச் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் வழியே பள்ளிக்கூடத்து வெளிவாசல் நன்றாகத் தெரிந்தது.

ரேடியோ சாருக்கு உடனே 'மியூட்' ஞாபகம் வந்தது.

மியூட் என்பது கடைசி பெஞ்சுச் சிறுமிக்குக் கூடப் படிக்கிற பிள்ளைகள் வைத்த பெயர். பலகைத் தடுப்பை ஒட்டிய மூலை அவளுடைய இடம். அந்தக் கட்டடத்தில் ஒரு பெரிய அறையைப் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் ரேடியோ சார், அந்தப் பக்கம் கணக்கு டீச்சர். வருஷம் பிறந்ததிலிருந்து மியூட்டின் குரலை வகுப்பில் யாரும் கேட்டதில்லை. வருகைப் பதிவுக்குக் கையைத் தூக்குவாள். மற்ற நேரமெல்லாம் தலையைப் பலகையில் சாய்த்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வைதான் ரேடியோ சாருக்கு ஆகாது. யாராவது நாம் சொல்வதை உண்மையிலேயே காதில் வாங்குகிறார்கள் என்றால் கொஞ்சம் பயமாகத்தானே இருக்கும்.

அவர் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமைதி என்றால் அவருக்கு நடுவழியில் நின்றுபோன லிஃப்ட். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். அதனால் கேள்வி கேட்ட மூச்சிலேயே பதிலையும் சொல்லிவிடுவார். "வௌவால் இருட்டுல எப்படிப் பறக்குது காதாலதான்" என்று ஒரே வாக்கியமாக வரும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு கொசு நுழைய இடமிருக்காது. அவர் குரல் தெருமுனை வரைக்கும் போகும். அங்கே டீக்கடை வைத்திருப்பவருக்கு இப்போது வௌவாலைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை.

மறுநாளே நேராக மியூட்டிடம் போனார்.

"ஒலின்னா என்னம்மா? பயப்படாம சொல்லு."

அவள் எழுந்து நின்றாள். யோசித்தாள். உதடு பிரிந்தது.

"அதிர்வு" என்றார் ரேடியோ சார். தாங்கவில்லை, வந்துவிட்டது.

அவள் உதடு மூடிக்கொண்டது. அவர் வேறு கேள்வி கேட்டார். உதடு பிரிந்தது. "காற்று" என்றார் அவரே. இப்படியே நாலைந்து கேள்வி. மணி அடித்தபோது அவர் எல்லாவற்றுக்கும் சரியான விடை சொல்லி முடித்திருந்தார், சட்டை நனைந்திருந்தது.

ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் அவருக்கு மின்விசிறியைக் கூட்டி வைத்தார். நல்ல மனுஷி. வீட்டில் இரட்டைக் கைக்குழந்தைகள், ஒன்று தூங்கினால் இன்னொன்று முழிக்குமாம். இருந்தும் முகத்தில் சோர்வு என்பதே கிடையாது, நாள் முழுக்க மலர்ந்த முகம். ஒழுக்கத்துக்கும் பேர் போனவர். அவர் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையின் குரல்கூட வெளியே வராது என்று தலைமையாசிரியையே மெச்சுவார்.

"பேசுற பையன் பக்கத்துல அந்தப் பிள்ளையை உட்கார வைங்க சார்" என்றார் கணக்கு டீச்சர். "தானா ஒட்டிக்கும். நீங்க மட்டும் குரலைக் குறைச்சிடாதீங்க. இந்த வகுப்புக்கு உங்க குரல்தான் உயிர்."

"பலகைக்கு அந்தப் பக்கம் உங்களுக்குத் தொந்தரவா இருக்காதா டீச்சர்?"

"எனக்கா? உங்க சத்தம் இல்லைன்னா எனக்குப் பீரியடே ஓடாது சார்."

ரேடியோ சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் குரலை இப்படி யாரும் கொண்டாடியதில்லை. பெண்டாட்டிகூட.

வகுப்பில் 'லொடலொட' என்று ஒருவன் இருந்தான். தண்ணீர் குடிக்கும்போதும் பேசுவான். அவனைக் கொண்டுபோய் மியூட் பக்கத்தில் வைத்தார். அவள் பேச ஆரம்பித்தாளா என்று தினமும் எட்டிப் பார்த்தார். நடந்தது வேறு. மூன்றாம் நாள் லொடலொட கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தான்.

"என்னடா ஆச்சு உனக்கு? காய்ச்சலா?"

"இல்ல சார்."

"பின்ன ஏன்டா பேச மாட்டேங்கிற?"

"இவ கேக்குறா சார்."

"என்ன கேக்குறா?"

"எதுவும் கேக்கல. நான் பேசுறதைக் காது குடுத்துக் கேக்குறா. அப்படிக் கேட்டா, என்ன பேசுறதுன்னு யோசிக்க வேண்டியிருக்கு சார்."

ரேடியோ சார் அவசரமாக அவனைப் பிரித்து முன்வரிசைக்கு மாற்றினார். அதுதான் தப்பாகப் போனது. தொற்று அவனோடு முன்வரிசைக்கு வந்துவிட்டது. அவனைப் பார்த்து அவன் பக்கத்துப் பையன், அவனைப் பார்த்துப் பின்னால் இருந்த இரண்டு பெண்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் பாதி வகுப்பு யோசிக்க ஆரம்பித்துவிட்டது. வாத்தியார் உத்தியோகத்தில் இவ்வளவு பேர் ஒரே சமயத்தில் யோசித்து அவர் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மியூட்டின் அம்மாவைத் தேடிப் போனார். அவர் தையல்காரர். கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு ஒடுக்கமான கடை. உதட்டில் வரிசையாகக் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, யாருடைய பாவாடைக்கோ ஓரம் மடித்துக்கொண்டிருந்தார். கண்ணாலேயே 'வாங்க சார்' என்றார், ஸ்டூலைக் காட்டினார்.

"உங்க பொண்ணு வகுப்புல பேசவே மாட்டேங்குதும்மா" என்று ஆரம்பித்தார் ரேடியோ சார். அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். வாயில் ஊசி. பதில் வரவில்லை. கடைக்குள் அமைதி எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், ரேடியோ சாருக்கு லிஃப்ட் நின்றுவிட்டது. "வீட்டுல எப்படி, வீட்டுலயும் இப்படித்தானா, இப்படித்தான் இருக்கும், சில பிள்ளைங்க அப்படி, பரவாயில்ல, பரவாயில்லைன்னு சொல்ல முடியாது, என் வேலையே போயிடும்போல இருக்கு, இது என்ன துணி, பேண்ட் துணியா, நல்லா இருக்கே, எனக்கும் ஒண்ணு தைக்கணும்..."

அந்தம்மா எழுந்து அவர் இடுப்பளவை எடுத்தார். கால் அளவை எடுத்தார். அவர் பேசிக்கொண்டே சுற்றிச் சுற்றி நின்றார். கடைசியில் அந்தம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினார்.

"அவ நல்லாப் பேசுவா சார்" என்றார். "என்ன ஒண்ணு, எதிராளி முடிச்சப்புறம்தான் ஆரம்பிப்பா."

"அதான் நானும் சொல்றேன்" என்று ரேடியோ சார் இன்னும் கொஞ்ச நேரம் சொன்னார். வேண்டாத ஒரு பேண்டுக்கு அளவு கொடுத்துவிட்டு, வந்ததைவிட அதிகப் பயத்தோடு படியிறங்கினார்.

"ஒத்திகை பார்த்துடுங்க சார்" என்றார் கணக்கு டீச்சர். "ஆளுக்கு ஒரு வரி. நீங்க கையைக் காட்டிச் சத்தமாக் கூப்பிடுங்க, அவங்க எழுந்து சொல்லட்டும். சத்தமா. உங்களுக்கு நான் தொண்டை மிட்டாய் தர்றேன்."

ஒத்திகை நடந்தது. ரேடியோ சார் சேனாதிபதி மாதிரி நின்று "நீ" என்று கர்ஜிப்பார். எழுந்து நிற்கிற பிள்ளை, "ஒலி காற்றில் பரவும்" என்று கத்தும். அடுத்து "நீ". "ஒலி மரத்திலும் பரவும்." மியூட்டுக்கு மட்டும் ஒரே ஒரு சொல்.

"ஒலி பரவ ஏதாவது ஒரு பொருள் வேணும், இல்லையாம்மா? நீ 'ஆமாம்' சொன்னாப் போதும். சரியா?"

அவள் தலையாட்டினாள்.

"வாயால சொல்லும்மா."

அவள் மூச்சை இழுத்தாள். அரை விநாடி அமைதி.

"ஆமாம்" என்றார் ரேடியோ சார்.

வகுப்பே அவரைப் பார்த்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். மறுபடி அரை விநாடி. மறுபடி அவரே "ஆமாம்". அன்று சாயங்காலத்துக்குள் அவர் அந்த ஒரு சொல்லையே எத்தனை முறை கத்தினார் என்றால், தெருமுனை டீக்கடைக்காரர் யாரோ தன்னிடம் ஏதோ சம்மதம் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து பார்த்தார்.

மறுநாள் விடிந்தால் ஆய்வு. விடிந்தது. ரேடியோ சார் எழுந்து, "தண்ணி கொண்டா" என்றார். வாய் அசைந்தது. காற்று மட்டும் வந்தது.

இன்னொரு தடவை முயன்றார். ஊதாத சைக்கிள் டியூபை அமுக்கிய மாதிரி ஒரு 'புஸ்'.

அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னங்க, பேச்சு வரலையா?"

அவர் தலையாட்டினார். கண்ணில் நீர் முட்டியது.

"நிஜமாவா? கொஞ்சம்கூடவா?" மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "அப்படின்னா கொஞ்சம் இருங்க. கல்யாணமான புதுசுல சொல்ல ஆரம்பிச்ச ஒரு விஷயம் பாதியில நிக்குது. முடிச்சிடறேன்."

முடித்துவிட்டுத்தான் அனுப்பினார். பள்ளிக்கூடத்துக்கு ரேடியோ சார் போன நடையைப் பார்த்தவர்கள், யாருக்கோ அறுவை சிகிச்சை என்று நினைத்தார்கள்.

ஆசிரியர் அறையில் விஷயம் தெரிந்ததும் அவரைவிட அதிகமாகப் பதறியவர் கணக்கு டீச்சர்தான். வெந்நீர் கொடுத்தார், தேன் கொடுத்தார், மிட்டாய்ப் பொட்டலத்தையே கையில் திணித்தார்.

"எப்படியாவது கொஞ்சம் சத்தம் வரவெச்சிடுங்க சார். இன்னைக்கு ஒரு நாள் மட்டும். எனக்காக."

ரேடியோ சார் நன்றியோடு கும்பிட்டார். மணி அடித்தது.

ஆய்வாளர் அம்மா ஏற்கெனவே வகுப்பில் இருந்தார். கடைசி பெஞ்சில், மியூட்டுக்குப் பக்கத்தில். கையைக் கட்டிக்கொண்டு. இரண்டு பேரும் ஒரே மாதிரி உட்கார்ந்து ஒரே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பிள்ளையை நோக்கிக் கையைக் காட்டினார். வாயைத் திறந்தார். 'புஸ்'.

பிள்ளை விழித்தது. 'நீ' என்ற கர்ஜனைக்குத்தான் எழுந்து நிற்கப் பழகியிருந்தது. கர்ஜனை வரவில்லை, ஆகவே எழவில்லை. அடுத்த பிள்ளை. 'புஸ்'. ஒருவரும் அசையவில்லை. இத்தனை நாள் அவர் தன் தொண்டையால் முட்டுக்கொடுத்துத் தள்ளி வைத்திருந்த அமைதி, கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, பெஞ்சு பெஞ்சாக நிரம்பி, மேஜைக்கு ஏறி, அவர் மூக்கு வரை வந்தது. நிரந்தரம் போயிற்று என்று நினைத்தார். தற்காலிகமும் போயிற்று. வெளிவாசல் கண்ணுக்குள் வந்து நின்றது.

முகத்தை மறைத்துக்கொள்ள ஓரிடம் வேண்டியிருந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பினார். திரும்பியபின் எதையாவது எழுதித்தானே ஆக வேண்டும். எழுதினார்: 'இப்போது என்ன கேட்கிறது?'

எழுதியது கேள்வி. பதில் சொல்ல அவருக்குக் குரல் இல்லை. ஆகவே வாழ்க்கையில் முதல்முறையாக, வேறு வழியே இல்லாமல், காத்திருந்தார்.

எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? ஆமை ஒன்று பள்ளிக்கூடத்தைச் சுற்றிவந்து, களைப்பாறி, மறுசுற்றும் போயிருக்கும்.

"குழாய் சொட்டுது சார்" என்றது ஒரு குரல்.

"தூரத்துல ரயில்" என்றது இன்னொன்று.

"ரயில் இல்ல, லாரி."

"எப்படிச் சொல்றே?"

"ரயில்னா தரையிலயும் தெரியும். கால் வெச்சுப் பாரு."

எல்லோரும் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார்கள். தெரியவில்லை. லாரிதான் என்று முடிவானது. அப்படியானால் ஒலி தரைக்குள்ளும் வருமா, காற்றைவிடச் சீக்கிரமாக வருமா என்று இரண்டு பேர் தாழ்ந்த குரலில் சண்டை போட்டார்கள். பதிலைச் சொல்ல ரேடியோ சார் தவித்துப் போய் வாயைத் திறந்தார், காற்று வந்தது, மூடினார். அதற்குள் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

"என் வயிறு சார்" என்றான் ஒருவன்.

"சார், உங்க பாக்கெட்டுல சாவிக்கொத்து நடுங்குது" என்றான் லொடலொட.

ரேடியோ சார் சாவியைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொருவராக, வரிசை இல்லாமல், யாரும் கூப்பிடாமல், எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மியூட் ஒருத்தி மிச்சம். ஆய்வாளர் அம்மாவின் தலை மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. ரேடியோ சார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். போயிற்று.

மியூட் கையைத் தூக்கினாள்.

"இன்னொண்ணு கேக்குது சார்" என்றாள். சின்னக் குரல், தெளிவான குரல். "ரொம்ப நாளாவே கேக்குது. சொல்லத்தான் நேரம் கிடைக்கல. எல்லாரும் கொஞ்சம் மூச்சை அடக்குங்க."

வகுப்பு மூச்சை அடக்கியது. ஆய்வாளர் அம்மாவும் அடக்கினார். ஆரம்பத்தில் நான் சொன்ன மின்விசிறியும் பல்லியும் இந்த நிமிஷத்தைச் சேர்ந்தவைதான்.

அவள் பலகையில் கையை வைத்தாள். "கை வெச்சா நல்லாத் தெரியுது. ஏறுது, அப்புறம் எறங்குது."

பிள்ளைகளின் தலைகள் எல்லாம் பலகைப் பக்கம் சாய்ந்தன. முதலில் கண்கள் அகன்றன. அப்புறம் அவரவர் கை அவரவர் வாயைப் பொத்தியது. ரேடியோ சாரும் காதைத் தீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. சொந்தக் குரலோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய காது அது, மெல்லிய சத்தமெல்லாம் எட்டுவதில்லை. எல்லோருக்கும் கேட்கிற ஒன்று தனக்கு மட்டும் கேட்கவில்லை என்பதைவிடப் பயங்கரம் உண்டா? தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தார்.

ஆய்வாளர் அம்மா கையைப் பிரித்தார். பலகையில் உள்ளங்கையை வைத்தார். புருவம் மேலே ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து, ஒரு சொல் சொல்லாமல், வெளியே போய்விட்டார்.

அப்புறம் திரும்பி வரவேயில்லை. மணி அடித்தது.

ரேடியோ சார் கரும்பலகையில் எழுதினார்: 'என்ன சத்தம் அது?'

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கரையான் சார்" என்றான் லொடலொட. "பலகைக்குள்ள."

"ஆமா சார், கரையான்" என்றது வகுப்பு.

மியூட் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவளுக்குச் சிநேகிதர்கள்.

இப்போது ரேடியோ சாருக்குப் புதுப் பயம் பிடித்தது. அரசாங்கப் பலகையைக் கரையான் தின்கிறது, வகுப்பாசிரியர் வேடிக்கை பார்த்தார் என்று ஆய்வாளர் அம்மா எழுதிவிட்டால்? மறுநாள் காலையிலேயே ஒரு டின் மண்ணெண்ணெயோடு வந்து பலகைத் தடுப்பு முழுக்கப் பூசினார். நாற்றத்தில் இரண்டு வகுப்பையும் மரத்தடிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்து வகுப்புக்கு அன்று வேறு யாரோ வந்திருந்தார்கள், கணக்கு டீச்சர் விடுப்பு. மண்ணெண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அதற்கும் சேர்த்து வருந்தினார்.

தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். ரேடியோ சார் தன் குடை, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டே போனார். இரண்டாவது தடவை போய் எடுக்கிற தெம்பு இருக்காது என்று தோன்றியது.

"உட்காருங்க சார்."

உட்கார்ந்தார். குரல் பாதி வந்திருந்தது. "மேடம், மண்ணெண்ணெய் என் சொந்தக் காசு" என்றார்.

தலைமையாசிரியை அதைக் காதில் வாங்காமல் ஆய்வாளர் அம்மாவின் அறிக்கையை எடுத்துப் படித்தார். "கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிற ஆசிரியரை என் உத்தியோகத்தில் முதல்முறையாகப் பார்த்தேன். பிள்ளைகள் யோசிக்க இடம் விட்டு, அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசாத பிள்ளை என்று அந்த வகுப்பில் யாரும் இல்லை." நிமிர்ந்தார். "கையெழுத்துப் போட்டுட்டாங்க சார். நீங்க நிரந்தரம்."

ரேடியோ சார் பையைக் கீழே வைத்தார். பயத்தில் உட்கார்ந்தவர் சந்தோஷத்தில் எழ முடியாமல் இருந்தார்.

"அப்படின்னா... அந்தம்மா ஏன் மேடம் பாதியில எழுந்து போனாங்க?"

"அது உங்க விஷயம் இல்ல சார்" என்று தலைமையாசிரியை ஜன்னலைப் பார்த்தார்.

அதற்கப்புறம் ரேடியோ சார் மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். பேசத்தான் செய்கிறார். ஆனால் கேள்வி என்று ஒன்று கேட்டுவிட்டால், இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு, நீச்சல் தெரியாதவன் தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி நின்று, பதில் வரும் வரை காத்திருக்கிறார். பயம் போகவில்லை, பயத்தோடேயே நிற்கிறார். மியூட் தனக்குச் சொல்ல இருக்கும்போது சொல்கிறாள், மற்றபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். கணக்கு டீச்சரை மட்டும் அந்த மாதமே பள்ளி நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். நிர்வாகக் காரணம் என்றார்கள். பாவம், அங்கே போனதிலிருந்து ஆளே இளைத்துவிட்டார். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

ரேடியோ சார் தன் பெருமையை அங்கேயும் போய்ச் சொல்வார். ஒரு நாள் புதிதாக வந்த விளையாட்டு வாத்தியாரை நூலகத்தில் பிடித்துவைத்து, மின்விசிறியில் ஆரம்பித்துப் பல்லி வரைக்கும் வந்துவிட்டார்.

"நம்பாதீங்க சார்" என்றார் கணக்கு டீச்சர், அலமாரிக்குப் பின்னாலிருந்து. "நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். கத்திக்கிட்டுத்தான் இருந்தார்."

விளையாட்டு வாத்தியார் சிரித்தார். ரேடியோ சாருக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் வேலையே அந்த ஒரு பாடவேளையில் கிடைத்தது. அது நடக்கவில்லை என்றால், அவர் இன்னும் தபால்காரருக்குக் காத்திருக்கிற ஆள்தான்.

"டீச்சர்" என்றார். "நிஜத்தைச் சொல்லுங்க. அன்னைக்கு நீங்க என் குரலைக் கேட்டீங்களா?"

கேட்டுவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டார். காத்திருந்தார்.

நூலகத்தில் அமைதி வளர்ந்தது. கணக்கு டீச்சர் ஒரு புத்தகத்தை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். ரேடியோ சார் அசையவில்லை. விளையாட்டு வாத்தியார் சிரிப்பை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்கு டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"சரி சார், ஒத்துக்கறேன், நடந்துச்சு" என்றார். "நீங்க மட்டும் அன்னைக்குப் பேசியிருந்தா, என் குறட்டை பலகையைத் தாண்டி அந்தம்மா காதுல விழுந்திருக்குமா?"